முகம் எங்கே? இம்ப்ரெஷனிஸ்ட் நிலக்காட்சிகளில் மனிதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரில் ஒரு மாடி அறையில் புரொஜெக்டர் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து ஓவியம் பார்ப்போம். இம்ப்ரெஷனிஸ்ட் நிலக்காட்சிகளைப் போட்டால், பேச்சு எப்படியோ மரத்தையும் தண்ணீரையும் விட்டுவிட்டு நடுவில் நிற்கிற ஆட்களிடம் போய்விடுகிறது. ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் அதேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்கிற பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது.

இம்ப்ரெஷனிசம்னா என்ன? முதல்ல அதைச் சுருக்கமா சொல்லிடுங்க.

1860களில் பாரிஸில் ஒன்றுசேர்ந்த சில இளம் ஓவியர்களின் வேலை அது. க்ளோத் மோனே, ஒகூஸ்த் ரென்வார், கமீய் பிஸாரோ, ஆல்ஃபிரட் சிஸ்லி, பெர்த் மொரிஸோ, எட்கர் தெகா ஆகியோர் முக்கியமானவர்கள். சலோன் என்ற அதிகாரபூர்வக் கண்காட்சியின் நடுவர்களோடு ஒத்துப்போகாமல், 1874 ஏப்ரலில், புகைப்படக்காரர் நதார் காலி செய்திருந்த ஸ்டூடியோவில் தாங்களே ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் மோனே மாட்டிய லெ ஆவ்ர் துறைமுகத்துக் காலைக் காட்சியின் பெயரில் 'இம்ப்ரெஷன்' என்ற சொல் இருந்தது. லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் அதைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தார். கேலிப் பெயரே ஒட்டிக்கொண்டது. 1886 வரை மொத்தம் 8 கண்காட்சிகள் நடந்தன.

ஒரு பொருள் அந்த நேரத்து வெளிச்சத்தில் கண்ணில் எப்படிப் படுகிறதோ அப்படியே, வேகமான, தனித்தனியாகத் தெரிகிற தீற்றல்களால் வரைந்தார்கள். இப்போதைக்கு இது போதும். அப்புறம், மோனே வேறு, மனே வேறு. எட்வார் மனே இவர்களுக்குக் கொஞ்சம் மூத்தவர், நண்பர். ஆனால் அந்த 8 கண்காட்சிகளில் ஒன்றில்கூட அவர் கலந்துகொள்ளவில்லை.

இயற்கைக் காட்சில மனுஷங்க எதுக்கு சார்? அவங்க இல்லாமலே நல்லாத்தானே இருக்கு?

இந்தக் கேள்வியை 1800களின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கலைப்பள்ளியில் கேட்டிருந்தால் வாத்தியார் முறைத்திருப்பார். அங்கே ஓவியங்களுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டு. புராணமும் சரித்திரமும் மேலே, வெறும் நிலக்காட்சி கீழே. நிலக்காட்சிக்கு மரியாதை வேண்டுமென்றால் அதற்குள் ஒரு தேவதையோ வீரனோ துறவியோ நின்றாக வேண்டும். 'சரித்திர நிலக்காட்சி' என்ற தனிப் பிரிவுக்கு 1817 முதல் ரோமாபுரிப் பரிசே (இளம் ஓவியர்களை ரோமுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் அரசுப் பரிசு) கொடுத்தார்கள். 1863இல்தான் அதை நிறுத்தினார்கள்.

அந்த மனிதர்களில் பாதிப் பேர் சாக்குக்காக நின்றவர்கள். 17ஆம் நூற்றாண்டின் பெரிய நிலக்காட்சி ஓவியர் க்ளோத் லொரேன், 'நிலத்தைத்தான் விற்கிறேன், ஆட்கள் இலவசம்' என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆட்களைக் கழற்றி எடுத்தாலும் அவர் படம் நிற்கும்.

இம்ப்ரெஷனிஸ்ட்களின் படங்களில் கதை கிடையாது. ஒரு பெண் புல்லில் நடக்கிறாள், அவ்வளவுதான். அவள் எங்கே போகிறாள் என்று படம் சொல்லாது. ஆனால் அவளைக் கழற்றி எடுத்துப் பாருங்கள், வெயிலும் சேர்ந்து கழன்று வரும். ஏன் என்பதைக் குடைப் பெண் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

ஏன் யாருக்கும் முகமே இல்லை? ஒழுங்கா வரையத் தெரியாதா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். லெருவாவும் இதையேதான் கேட்டார். மோனே 1873இல் நதாரின் மாடியிலிருந்து பார்த்து வரைந்த கப்யூசின் பெருந்தெருவில், கீழே நடக்கும் கூட்டம் முழுவதும் கறுப்புத் தீற்றல்கள். லெருவா தன் கேலிக் கட்டுரையில் ஒரு பழங்காலத்து ஓவியரைக் கற்பனையாக உருவாக்கி, அவர் வாயால் கேட்க வைக்கிறார்: கீழே நாக்கால் நக்கிவிட்ட மாதிரி இருக்கிறதே, இதெல்லாம் என்ன? நடந்துபோகிறவர்கள் என்று பதில் வருகிறது. அப்படியென்றால் நானும் அந்தத் தெருவில் நடக்கும்போது இப்படித்தான் இருக்கிறேனா என்று அவர் கொதிக்கிறார்.

நேர்மையான பதில்: ஆமாம், மாடியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெருமுனையில் போகிறவரைப் பாருங்கள். அவருக்கு மூக்கு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அது தெரிகிறதா? தெரியாததை அறிவால் நிரப்பி வரைவதைத்தான் இவர்கள் விட்டுவிட்டார்கள்.

வரையத் தெரியாது என்பது மோனே விஷயத்தில் நிற்காது. லெ ஆவ்ரில் பள்ளிப் பையனாக இருந்தபோதே ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து காசு பார்த்தவர் அவர். முகம்தான் அவருடைய முதல் வருமானம்.

பாப்பிப் பூ வயல்ல அதே அம்மாவும் பையனும் ரெண்டு தடவை இருக்காங்களே, மறந்துபோய் வரைஞ்சிட்டாரா?

மறதி இல்லை. 'பாப்பி வயல்' 1873இல் வரைந்தது, இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாப்பி நம் கசகசாச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை. படத்தின் வலது கீழ்ப்பகுதியில் குடையோடு ஒரு பெண், பக்கத்தில் தொப்பி போட்ட சிறுவன். மேட்டின் உச்சியில், இடது பக்கம், இன்னொரு பெண்ணும் சிறுவனும். மோனேயின் மனைவி கமீலும் மகன் ழானும்தான் மாதிரியாக நின்றிருக்க வேண்டும் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். மேலே உள்ள ஜோடியும் அவர்களாகவே இருக்கலாம்.

இரண்டு ஜோடிக்கும் நடுவே கண்ணால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தச் சரிவான கோடுதான் மேடு. அதை எடுத்துவிட்டால் வயல் தட்டையாகிவிடும். மேலே உள்ளவர்கள் சின்னதாக இருப்பதால் நிலம் நீள்கிறது, பெரிதாக வந்து நிற்பவர்களால் நாம் வயலுக்குள் இறங்கிவிடுகிறோம். ஒரே ஆளை இரண்டு தூரத்தில் வைத்து நிலத்தை அளந்து காட்டுகிறார். மேட்டிலிருந்து இறங்கி வருகிற நடையையும் படிக்கலாம்: சற்று முன் அங்கே, இப்போது இங்கே.

இடது மூலையில் உள்ள பூக்களையும் கவனியுங்கள். சிவப்புப் பொட்டுகள், சிலது பையன் தலை அளவுக்கே இருக்கும். பூவுக்கும் தலைக்கும் ஒரே தூரிகை, ஒரே அவசரம். 'முகம் ஏன் இல்லை' என்பதற்கு இந்தப் படமே பாதி பதில். பூவுக்கு இதழ் இல்லாதபோது பையனுக்கு மட்டும் கண்ணிமை வரைந்தால், அவன் வயலிலிருந்து பிய்ந்து வெளியே வந்து விழுவான்.

எல்லாப் பொண்ணுங்க கையிலயும் குடை. ஃபேஷனா?

ஃபேஷன்தான், வெயிலில் கறுத்துவிடக் கூடாது என்ற பயமும்தான். ஓவியருக்கு அது வேறு வகையில் லாபம். வெட்டவெளியில் நிழலை வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைக்க உதவும் ஒரே சாமான் குடை. மரத்தை நகர்த்த முடியாது.

வெள்ளைப் பாவாடை நீலமா இருக்கு, சட்டை மேல மஞ்சள், ஒரு அம்மாவுக்கு உடம்பெல்லாம் பச்சை! இது என்ன கணக்கு?

1875இல் மோனே வரைந்த 'குடையுடன் பெண்' படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது, 1 மீட்டர் உயரம். கீழேயிருந்து மேலே பார்க்கிறோம். கமீல் மேட்டில் நிற்கிறார், காற்றில் முகத்திரை குறுக்கே பறக்கிறது, பின்னால் ழான், இடுப்புக்குக் கீழே புல் மறைத்துவிட்டது. வெயில் அவர் முதுகுப் பக்கமிருந்து வருகிறது. அதனால் நம் பக்கம் முழுக்க நிழல். நிழலில் வெள்ளைத் துணி வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்கிறது. சட்டைக் கையின் அடிப்பக்கத்தில் புல்லில் பூத்த மஞ்சள் பூக்களின் சாயல் ஏறுகிறது. குடையின் உட்புறம் பச்சை. அவர் உடம்பில் 'வெள்ளை' என்று சொல்லத்தக்க இடம், வெயில் நேராக விழும் ஓரங்கள் மட்டும்தான்.

முன்பு ஆளைக் கழற்றினால் வெயிலும் கழன்று வரும் என்றேனே, அது இதுதான். வானமும் புல்லும் எப்படி இருந்தன என்பதற்கு இங்கே அந்த உடைதான் சாட்சி. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதும் அவருடைய பாவாடை மடிப்பில்தான் இருக்கிறது.

'உடம்பெல்லாம் பச்சை' அம்மா ரென்வாருடையவர். மர நிழலில், இலை இடுக்கு வழியாக வெயில் சொட்டுச் சொட்டாக விழும் ஒரு பெண்ணின் மேலுடம்பை வரைந்து 1876 கண்காட்சியில் வைத்தார். ஃபிகாரோ பத்திரிகையில் ஆல்பேர் வோல்ஃப் எழுதினார்: பெண்ணின் உடம்பு என்பது பச்சையும் ஊதாவுமாகப் புள்ளி விழுந்து அழுகும் சதைக் குவியல் அல்ல என்று யாராவது ரென்வாரிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று. அடுத்த வருடம் ரென்வாரின் 'ஊஞ்சல்' படத்தைப் பார்த்த ஒருவருக்கு, உடையில் விழுந்த வெயில் வட்டங்கள் எண்ணெய்க் கறையாகத் தெரிந்தன. மாந்தோப்பில் பகல் நேரத்தில் உட்கார்ந்த எவருக்கும் அந்தப் படத்தில் குழப்பம் வராது என்பது என் அனுபவம். எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி பார்த்த உடனே, "மரத்தடி வெயில்" என்றார்.

நிஜமாவே வெளில நின்னுதான் வரைஞ்சாங்களா? ஆளுங்க அவ்வளவு நேரம் வெயில்ல நிப்பாங்களா?

பெரும்பாலும் வெளியில். 1841இல் தகரக் குழாயில் அடைத்த வண்ணம் வந்ததால், ஆயில் பெயின்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு போக முடிந்தது. ஆனால் முழுக்க வெளியிலேயே முடித்தார்கள் என்பது பாதிக் கட்டுக்கதை. பல படங்களுக்குக் கடைசிக் கை வீட்டில்தான் விழுந்தது.

மோனேயின் 'தோட்டத்தில் பெண்கள்' படத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1866இல் தொடங்கியது. உயரம் இரண்டரை மீட்டர். மேல் பகுதிக்குக் கை எட்டாது, நிற்கும் கோணத்தையும் மாற்றக் கூடாது. எனவே தோட்டத்தில் பள்ளம் வெட்டி, கப்பி கட்டி, கேன்வாஸைப் பள்ளத்துக்குள் இறக்கி வரைந்தார். ஒருநாள் மூத்த ஓவியர் கூர்பே வந்து பார்த்தால், மோனே சும்மா உட்கார்ந்திருக்கிறார். வெயில் இல்லையாம். பின்னணியையாவது வரையலாமே என்று கூர்பே கேட்டாராம், மோனே மறுத்துவிட்டாராம். வெயிலில் நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் மேகமூட்டத்து இலையை வைக்க முடியாது. ஆளும் செடியும் ஒரே நிமிடத்தில் இருந்தாக வேண்டும்.

1867இல் சலோன் அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பியது. நண்பர் ஃப்ரெதெரிக் பஸீய், மோனே பட்டினி கிடக்கக் கூடாதே என்று 2,500 ஃபிராங்குக்கு, மாதம் 50 ஃபிராங்க் தவணையில் வாங்கிக்கொண்டார். பஸீய் 1870இல் பிரஷ்யாவோடு நடந்த போரில் செத்துப்போனார். 1921இல் பிரெஞ்சு அரசு அதே படத்தை 2 லட்சம் ஃபிராங்க் கொடுத்து வாங்கியது.

நிற்பது பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கமீல் ஒருவரே. உடை மாற்றி, இடம் மாற்றி நின்றிருக்கிறார். சின்னப் படங்களுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. 'குடையுடன் பெண்' சில மணி நேரத்தில், ஒரே மூச்சில் முடிந்திருக்கலாம் என்கிறார்கள்.

இந்த ஆளுங்க எல்லாம் யாரு? கிராமத்துக்காரங்களா?

முக்கால்வாசிப் பேர் நகரத்துக்காரர்கள். இந்த ஓவியங்களின் 'இயற்கை'க்குப் பெரும்பாலும் ஒரு ரயில் நிலையம் உண்டு. மோனே 1871 முதல் 1878 வரை குடியிருந்த அர்ஜான்தெய், பாரிஸ் சென்-லஸார் நிலையத்திலிருந்து கால் மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், தையல்காரப் பெண்கள் எல்லாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு செய்ன் ஆற்றங்கரைக்குப் போவார்கள். படகு, நீச்சல், சாப்பாடு, சாயங்காலம் திரும்பல். காட்டுக்குள் போய்த் தனிமை தேடுகிற மனிதனை இங்கே தேடாதீர்கள். ஆற்றங்கரையில் தொழிற்சாலைப் புகைபோக்கிகளும் இருந்தன. சில படங்களில் அவை தெரியும், சிலவற்றில் ஒரு மரம் வசதியாக மறைத்துவிடும்.

அப்போ மோனேவும் ரென்வாரும் ஆளுங்களை ஒரே மாதிரிதான் வரைஞ்சாங்களா?

இல்லை. இதைப் பார்க்க ஓர் அருமையான வாய்ப்பு இருக்கிறது. 1869 கோடையில் இரண்டு பேரும் பாரிஸுக்கு வெளியே லா க்ரெனுயேர் என்ற மிதக்கும் உணவுக்கடைக்கும் குளிக்கும் துறைக்கும் போய், பக்கத்துப் பக்கத்தில் ஈசலை (கேன்வாஸைத் தாங்கும் மரச்சட்டத்தை) நட்டுக்கொண்டு ஒரே காட்சியை வரைந்தார்கள். நடுவில் ஒற்றை மரம் நிற்கும் வட்டமான குட்டித் தீவு. பாலாடைக்கட்டி வட்டு மாதிரி இருந்ததால் அதற்கு கமாம்பேர் என்று பட்டப்பெயர். மோனேயின் படம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், ரென்வாருடையது ஒன்று ஸ்டாக்ஹோமில்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சுபாவம் புரியும். மோனேக்கு முன்னால் ஆடும் தண்ணீர்தான் கதாநாயகன். தடித்த, கிடைமட்டமான பட்டைகளாக அதை அடுக்கிவிட்டு, தீவில் நிற்பவர்களைக் கடைசியில் நிறுத்துகிறார். ரென்வார் தீவுக்கு நெருங்கிப் போய்விடுகிறார். அவர் படத்தில் பாவாடையின் தொங்கல் தெரியும், யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஊகிக்கலாம். மனிதர்களை விட்டு ரென்வாரால் விலகி நிற்க முடியாது. அப்போது மோனே, பஸீயுக்கு எழுதிய கடிதத்தில் இங்கே வரைந்தவற்றை மோசமான அவசரப் படங்கள் என்கிறார். இன்று அவற்றின் முன்னால்தான் கூட்டம்.

சிஸ்லி மூன்றாவது ரகம். அவர் ஆட்கள் பெரும்பாலும் நமக்கு முதுகைக் காட்டி எங்கோ போய்க்கொண்டிருப்பார்கள். 1878இல் வரைந்த லூவ்சியேன் பனிக்காட்சியில் வேலிகளுக்கு நடுவே ஒற்றை உருவம், ஒரு விரல் நகத்தளவு. அது இல்லாவிட்டால் அந்தப் பாதை எவ்வளவு நீளம், பனி எவ்வளவு மௌனம் என்று தெரியாது.

உழைக்கிறவங்களே கிடையாதா? எல்லாரும் குடை பிடிச்சுக்கிட்டு சுத்தறாங்க.

நியாயமான கோபம். மோனேயிடம் அபூர்வமாகத்தான் உண்டு. 1875இல் நிலக்கரி இறக்கும் கூலிகளை வரைந்திருக்கிறார். பலகை மேல் வரிசையாக ஏறி இறங்கும் கறுப்பு உருவங்கள், பின்னால் பாலம். அப்படி இன்னொன்றை அவர் வரைந்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கோபத்துக்குப் பதில் பிஸாரோ. 8 கண்காட்சிகளிலும் பங்கெடுத்த ஒரே ஆள் அவர்தான். 1873இல் வரைந்து முதல் கண்காட்சியில் வைத்த 'வெண்பனி' படத்தில், போன்த்வாஸ் பக்கத்து உழவு நிலத்தில், விறகுச் சுமையோடு ஒருவர் நடக்கிறார். படத்துக்கு வெளியே நிற்கும் மரங்களின் நிழல்கள் உழவுசால்கள் மேல் நீளமாகக் கிடக்கின்றன. லெருவாவின் கற்பனை ஓவியர் இதைப் பார்த்து, அழுக்குத் துணியில் வண்ணப் பலகையைச் சுரண்டிப் பூசியிருக்கிறது என்கிறார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கும்போதெல்லாம், அவர் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்றாக இருப்பது உறைக்கும். சுமை தூக்குபவரை வீரராகவோ பரிதாபத்துக்குரியவராகவோ காட்டவில்லை. காலை நேரம், அவருக்கு வேலை இருக்கிறது, போகிறார். 1880களில் பிஸாரோவின் விவசாயிகள் பெரிதாகிக்கொண்டே வந்து, வயலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

பெண் ஓவியர்கள் வரைஞ்சா வேற மாதிரி இருக்குமா?

பெர்த் மொரிஸோ விஷயத்தில் வித்தியாசம் உண்டு, காரணமும் வெளிப்படையானது. நல்ல குடும்பத்துப் பெண் தனியாக ஆற்றங்கரையிலும் உணவுக்கடையிலும் ஈசல் நட்டு நிற்க முடியாது. வெளியூர்களில் அவர் நின்றபோது குழந்தைகள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு வேலை செய்யவிடவில்லை என்று கடிதத்தில் அலுத்துக்கொள்கிறார். எனவே தோட்டம், பால்கனி, பூங்காப் படகு, ஜன்னல் என்று எல்லைக்கோட்டில் நிற்கும் மனிதர்கள் அவரிடம் அதிகம்.

1875இல் இங்கிலாந்தின் வைட் தீவில் வரைந்த ஒரு படத்தில் அவர் கணவர் எழேன் மனே (எட்வாரின் தம்பி) வீட்டுக்குள் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்க்கிறார். வெளியே வேலிக்கு அப்பால் ஒரு பெண்ணும் சிறுமியும், அதற்கும் அப்பால் படகுகள். வழக்கத்துக்கு நேர் தலைகீழ்: ஆண் உள்ளே, பெண் வெளியே. அதே வருடம் ழென்வில்லியேயில் துணி காயப்போடும் சலவைப் பெண்களையும் வரைந்தார். வெள்ளைத் துணியும் பெண்களும் தூரிகையின் ஒரே சொடுக்கில் வந்தவை. உழைப்பவர்கள் எங்கே என்று கேட்டவர் இதையும் பார்க்கலாம்.

ரெண்டு கோடு போட்டா அது மனுஷன்னு நமக்கு எப்படித் தெரியுது?

இது ஓவியம் கற்கிறவர்கள் கேட்கும் கேள்வி. நிலம், தண்ணீர் எல்லாம் படுக்கையாக ஓடுபவை. அதில் செங்குத்தாக ஒரு தீற்றல், மேலே சற்றுத் தள்ளி ஒரு புள்ளி வந்தாலே நம் கண் ஆளைக் கண்டுபிடித்துவிடும். மனிதரைத் தேடுவதில் கண்ணுக்கு அவ்வளவு பசி. தலைக்கும் உடலுக்கும் உள்ள அளவு சரியாக இருந்தால் போதும், கை கால் தேவையில்லை. கூடவே தரையில் அதன் நிழலை ஒட்டிவிட்டால் அது நிற்கவே ஆரம்பித்துவிடும். தொடக்கக்காரர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த நிழலில்தான். ஆளைக் கவனமாக வரைந்துவிட்டுக் காலை மிதக்க விடுவார்கள்.

1886ல மறுபடியும் அதே குடைப் பெண்ணை வரைஞ்சாரே, அதுல முகம் சுத்தமா அழிஞ்சு போச்சே?

அது அதே பெண் இல்லை. கமீல் 1879இல் இறந்துவிட்டார். 1886இல் ஜிவெர்னி கிராமத்தில் நின்றவர் சுசான் ஒஷெதே, பின்னாளில் மோனேயின் இரண்டாவது மனைவியான அலிஸின் மகள். வலப்பக்கம் திரும்பி ஒன்று, இடப்பக்கம் திரும்பி ஒன்று. இரண்டும் ஓர்சேயில் இருக்கின்றன. 1875 படத்தில் முகத்திரைக்குப் பின்னால் கமீலின் கண் நம்மைப் பார்ப்பது தெரியும். சுசானுக்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. குடை நிழலில் ஒரு பூச்சு மட்டும்.

அடுத்த வருடம் விமர்சகர் தெயோதோர் துய்ரேக்கு எழுதிய கடிதத்தில் மோனே தன் முயற்சியைத் தானே சொல்கிறார்: வெட்டவெளியில் மனித உருவங்கள், நான் புரிந்துகொண்டபடி, நிலக்காட்சிகளைப் போலவே செய்யப்பட்டவை. சொன்னபடியே செய்தார்.

அதுக்கப்புறம் ஆளுங்களையே விட்டுட்டாரே, ஏன்?

சுசானும் சகோதரிகளும் படகில் உட்கார்ந்திருக்கும் சில படங்கள் 1890 வரை வந்தன. அதன் பிறகு 1890-91இன் வைக்கோல் போர்கள், பாப்லார் மரங்கள், அல்லிக்குளம். கிட்டத்தட்ட யாரும் இல்லை. வைக்கோல் போரை யாரோ அடுக்கியிருக்க வேண்டும், அவர்கூட இல்லை.

அவருடைய தர்க்கமே அவரை அங்கே கொண்டுபோய்விட்டது என்று நினைக்கிறேன். உருவத்தையும் நிலம் மாதிரியே நடத்துவது என்று முடிவெடுத்தவருக்கு ஒரு கட்டத்தில் உருவத்தால் தனியாக லாபம் இல்லை. வைக்கோல் போரே வெயிலையும் பனியையும் வாங்கிக் காட்டுகிறது, அசைவதும் இல்லை, கால் வலிக்கிறது என்று சொல்வதும் இல்லை. ரென்வார் எதிர்த் திசையில் போனார். 1880களில் உருவத்துக்கு உறுதியான விளிம்பு வேண்டும் என்று திரும்பிவிட்டார்.

மனுஷனும் இயற்கையும் ஒண்ணுங்கற தத்துவம்தானே இது?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இவர்கள் படத்தில் ஆளும் புல்லும் ஒன்றாவது கண்ணளவில், ஒரு வெயில் நேரத்தில். அதற்கு மேல் ஆன்மிகம் எதையும் அவர்கள் சொல்லவில்லை. அந்தப் பெண் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இந்த ஓவியர்களுக்குள்ளேயே தெகா இந்த வெளிப்புற ஓவியத்தைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனைவியைப் புல்லு மாதிரி பாக்கறது கொஞ்சம் குரூரமா இல்லையா?

இதைக் கேட்டது ஒரு கல்லூரி மாணவி. அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

1879 செப்டம்பரில் கமீல் இறந்தபோது மோனே அவரைக் கட்டிலில் வைத்தே வரைந்தார். அந்தப் படம் ஓர்சேயில் இருக்கிறது. பனி மூட்டத்துக்குள் போவது போலச் சாம்பலும் ஊதாவுமான தீற்றல்களுக்குள் முகம் அமிழ்கிறது. பல வருடம் கழித்து நண்பர் ஜார்ஜ் க்ளெமென்சோவிடம் மோனே இதைச் சொல்லியிருக்கிறார்: தனக்கு மிகப் பிரியமானவரின் தலைமாட்டில் நின்றுகொண்டு, அசையாத அந்த முகத்தில் சாவு கொண்டுவரும் நீலம், மஞ்சள், சாம்பல் படிகளைத் தன்னை அறியாமலே கணக்கெடுத்துக்கொண்டிருந்தாராம். செக்கில் கட்டிய மாட்டைப் போலத் தானும் பழக்கத்துக்கு அடிமை என்ற தொனியில் அவர் நொந்துகொள்கிறார்.

ஆக, குரூரம் என்று அவருக்கே பட்டிருக்கிறது. ஆனால் நான் இன்னொன்றையும் சொல்வேன். கமீலின் மூக்கும் வாயும் எப்படி இருந்தன என்பதைத் துல்லியமாகக் காட்டும் ஒரு படத்தை அவர் விட்டுப் போயிருக்கலாம். அதற்குப் பதிலாக, ஒரு காற்றுள்ள பகலில் மேட்டில் அவர் திரும்பிய அந்தக் கணத்தை வைத்துவிட்டுப் போனார். எது அன்பு என்பதில் அந்த மாணவிக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

நேர்ல பாக்க முடியாது. ஃபோன்ல பாக்கும்போது எதைக் கவனிக்கணும்?

முதலில் அளவைத் தேடிப் படியுங்கள். 'பாப்பி வயல்' 50க்கு 65 சென்டிமீட்டர், ஒரு நாளிதழை விரித்து வைத்த அளவுதான். 'தோட்டத்தில் பெண்கள்' உங்கள் அறைக் கதவைவிட உயரம். ஃபோனில் இரண்டும் ஒரே அளவு, அதுதான் ஏமாற்று. பிறகு படத்தைப் பெரிதாக்கி, ஆளின் விளிம்புக்குப் போங்கள். உடை எங்கே முடிந்து புல் எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். பல இடங்களில் புல்லின் தீற்றல் உடைமேல் ஏறிக் கிடக்கும்.

லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் மோனேயின் 'த்ரூவில் கடற்கரை' இருக்கிறது. 1870 கோடை, கல்யாணம் ஆன புதிது. குடைகளோடு இரண்டு பெண்கள் நாற்காலியில், நடுவில் ஒரு காலி நாற்காலி. இடது பக்கம் வெள்ளை உடையில் இருப்பவர் கமீல். அந்தப் படத்தை ஆராய்ந்தவர்கள் வண்ணத்துக்குள்ளே மணல் துகள்களைக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்குக் கடற்கரையில் அடித்த காற்றில் ஈர வண்ணத்தின் மேல் வந்து ஒட்டியவை. ஃபோனில் தெரியாது, ஆனால் அவை அங்கேதான் இருக்கின்றன.